வாசலில் செருப்பு, வகுப்பில் யார்?

குழாயடியில் செல்லம்மா வாயைத் திறந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். ஒரு வாரமாக அந்த வாய் திறந்தபடியே இருக்கிறது. இந்நேரம் உள்ளே குருவி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பாவம், அவளைப் பேசவிடுவோம்.

அதற்கு முன், மூங்கில்காட்டுத் தோட்டத்துக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்கிறவர்களுக்காக நாலு வார்த்தை.

மம்பாவிலிருந்து பிரிகிற செம்மண் சாலையின் கோடியில் இருக்கிறது தோட்டம். மூன்று பக்கமும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்து நெருக்கிவிட்டன. நாலாவது பக்கத்தில் மட்டும் ரப்பர் மரங்கள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே பாலுக்காக மரம் வெட்டுகிறவள் மங்கம்மா. புருஷன் தங்கராஜு மண்டோர்; அதாவது வெட்டுக்காரர்களை மேய்க்கிற வேலை. ஒரே மகள் புனிதவதி, ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள்.

புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் மங்கம்மாவின் அண்ணன் சன்னாசி, தன் மூத்த மகனுக்குப் புனிதாவைக் கேட்கிறார். பையன் நல்லவன்தான். சிப்பாங்கில் எழும்பிக்கொண்டிருக்கும் விமான நிலையத்துக்கு மண் லாரி ஓட்டுகிறான். புனிதாவோ, தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகையில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பை முடிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறாள்.

நடுவில் மாட்டிக்கொண்ட மங்கம்மா, அண்ணனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை நிஜமாகவே படிக்கிறது என்றால் அவர் பொறுத்திருக்க வேண்டும். படிப்பு என்று பொய் சொல்லி ஊர் சுற்றுகிறது என்றால், தை மாதமே தாலி. முடிவைக் கேட்க சன்னாசி சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

இனி செல்லம்மா.

“ஏ மங்கா, ஒன் மக மோட்டார்ல பின்னாடி குந்திக்கிட்டுப் போவுது. கொட்டுற மழையில. ஓட்டுறது ஒரு ஆம்பள. மழக்கோட்டு, ஹெல்மெட்டு, மூஞ்சி தெரியல.”

மங்கம்மாவின் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் நிற்காமல் அவள் காலில் வழிந்தது.

மத்தியானம் மழை கொட்டியபோது செல்லம்மா மம்பாவ் முச்சந்தியில் சீனர் கடைக்குள் ஒதுங்கியிருந்தாளாம். மோட்டார் பெரிய ரோட்டில் ஏறி நேரே போனதாம். என்ன மோட்டார் என்று மங்கம்மா துருவினாள். சின்ன மோட்டார் சைக்கிள், கப்சாய்தான் என்றாள் செல்லம்மா. மலேசியாவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் அதில் மூன்று பேரிடம் கப்சாய் இருக்கும். அதை வைத்து யாரைப் பிடிப்பது?

“நீ வேற யாரையோ பாத்திருப்ப. எம் மக கொட்டாயில இருக்கு. செருப்பு கெடக்கும், வா காட்டுறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, வாளியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள் மங்கம்மா.

இந்தப் பெண்மணியின் சந்தேகம் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் பிரசித்தம். கோழி கூடுதலாக ஒரு முட்டை இட்டால்கூட, யாரைக் குளிரவைக்க இட்டாய் என்று அதைப் பிடித்து விசாரிப்பாள். பூசாரி அவள் கையில் திருநீற்றைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால், அன்றைக்கு முழுக்க அவர் முதுகிலேயே அவள் கண் இருக்கும்.

சமீபத்தில் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி அதிகம். அவள் வீட்டுக்குள் நுழைந்தால் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்துகிறார்கள். வானொலியின் சத்தம் கூடுகிறது. ரப்பர் பால் வாடையையே வாசனையாக வைத்துக்கொண்டு இத்தனை காலம் குடும்பம் நடத்திய தங்கராஜு, சில நாட்களாகப் பவுடர் பூசிக்கொண்டு வெளியே போகிறார். போன மாதம் புனிதாவின் தலையணைக்கு அடியில் கறுப்பாக, சதுரமாக ஒரு தகடு கிடைத்தது. எவனோ மந்திரித்துக் கொடுத்தது என்று முடிவுகட்டிய மங்கம்மா, அதை ராத்திரி முழுக்க மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கோயில் சூலத்துக்கு முன்னால் புதைத்துவிட்டாள். அது கம்ப்யூட்டரில் போடுகிற டிஸ்கெட் என்று மகள் அழுதபோதும் அவள் நம்பவில்லை. அதைக் கொடுத்தவன், அதே வகுப்பில் படிக்கிற, சொந்தமாக ஒரு கப்சாய் வைத்திருக்கிற வீரமுத்து என்று தெரிந்த பிறகு சுத்தமாக நம்பவில்லை.

அந்த வகுப்பே அவளுக்குப் பிடிக்காது. ஆயாக்கொட்டகை என்றால் முன்பெல்லாம் கதவே இல்லாத இடம். தாய்மார்கள் ரப்பர் காட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போவார்கள். அதே இடத்துக்கு இப்போது இரும்புக் கதவு, ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம், உறுமுகிற ஏர்கோன். உள்ளே போய் வந்த பிள்ளைகளுக்கு மூக்கு நுனியில் ஐஸ் தொங்கியதாகச் செல்லம்மா சத்தியம் செய்தாள்.

நடத்துகிறவள் சிரம்பான் செட்டியார் வீட்டுப் பெண் ஆவுடையம்மை; ஊருக்கு அவள் ஆச்சி. குடும்பத்து ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பக்கத்துத் தாமானில் மலிவு வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சும்மாவே சொல்லித்தருகிறாள். அந்த ‘சும்மா’தான் ஊருக்குப் புரியவில்லை. பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றப் போகிறாள் என்றார்கள் சிலர். கண் பார்வையை உறிஞ்சி எடுக்கிற மெஷின் என்றார்கள் சிலர். ஆச்சியோ யாருக்கும் பதில் சொல்லாமல் கதவில் ஒரு பலகை மாட்டினாள். செருப்பு வெளியே, படிக்கிறவர்கள் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது.

உள்ளே போக முடியாத மங்கம்மா, செருப்பைப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் செருப்பு ஒரு முகம். எந்த வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கோயிலுக்கு யார் வந்தாயிற்று, சாவு வீட்டுக்கு யார் வரவில்லை, எல்லாவற்றையும் வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். புனிதாவின் செருப்போ அமாவாசை இருட்டிலும் அடையாளம் தெரியும். ஜப்பான் சிலிப்பர், ஒன்றுக்கு நீல வார், மற்றதற்குப் பச்சை வார். அறுந்துபோன ஒன்றுக்குத் தங்கராஜு கிடைத்த வாரைக் கோத்துக் கொடுத்தது.

வகுப்பு நாளில் மங்கம்மா அந்தப் பக்கமாக ஒரு நடை போவாள். நீலமும் பச்சையும் கிடந்தால் மகள் உள்ளே இருக்கிறாள். திரும்பி வந்துவிடுவாள். செருப்பு இருக்கும் இடத்தில் கால் இருக்கும், கால் இருக்கும் இடத்தில் பெண் இருக்கும். இதில் என்ன ஓட்டை இருக்க முடியும்?

இன்றைக்கும் கிடந்தது. நீலம் ஒன்று, பச்சை ஒன்று. மங்கம்மாவுக்கு மூச்சு வந்தது. செல்லம்மாவைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் கண் மறுபடி கீழே போனது.

வாசல் முழுக்க செருப்புகள். ஒவ்வொன்றிலும் செம்மண் அப்பியிருந்தது. மழை விட்ட பிறகு சேற்றில் நடந்து வந்த பிள்ளைகளின் செருப்பு வேறெப்படி இருக்கும்? அவற்றுக்கு நடுவே புனிதாவின் செருப்பு மட்டும், தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று கிடந்தது. குதிகால் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு எறும்பு நீச்சல் பழகிக்கொண்டிருந்தது.

மங்கம்மா அந்த எறும்பையே பார்த்தாள்.

மழைக்கு முன்னாலேயே வந்துவிட்ட செருப்பு. மழை முழுக்க இங்கே நனைந்த செருப்பு. வகுப்பு தொடங்கியதோ மழை விட்ட பிறகு. அப்படியானால் அதை மாட்டியிருந்த கால் மழையில் எங்கே போயிற்று?

செல்லம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னாள். செல்லம்மாவாவது, போவதாவது. அந்தப் பக்கத்து மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மங்கம்மா பலகையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், முழங்கால் வரை ஏறிய தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். சேறும் பூட்ஸுமாக அப்படியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. கண் பழகியதும் முதலில் தெரிந்தது மேலே உத்திரத்தில் இருந்த கொக்கிகள்தான். தூளி கட்டுகிற கொக்கிகள். ஜன்னலிலிருந்து மூன்றாவதில்தான் கைக்குழந்தைப் புனிதாவின் தூளி தொங்கியது. அதற்கு நேர் கீழே, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற ஒரு பெட்டி. பெட்டிக்கு முன்னால் காலி நாற்காலி.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தான் வீரமுத்து.

வீரமுத்து இங்கே இருக்கிறான். அப்படியானால் மோட்டார் ஓட்டியது அவனில்லை. மங்கம்மாவுக்கு ஆறுதல் வரவில்லை. பயம் இரண்டு மடங்காயிற்று. தெரிந்த திருடனைவிடத் தெரியாத திருடன் மோசம் இல்லையா?

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

ஆவுடையம்மை வந்தாள். கண்ணாடி போட்ட, சின்னக் குரல்காரி. தரையில் பதிந்த சேற்றைப் பார்த்தாள். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே மங்கம்மாவுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

“எம் மக எங்க, ஆச்சி?”

“நீங்க மொதல்ல உக்காருங்க.”

“உக்கார வரல. செருப்பு வெளிய கெடக்குது. ஆளு எங்க?”

 புனிதா நீலாய்க்குப் போயிருக்கிறாள் என்றாள் ஆச்சி. அங்கே புதிதாக வந்திருக்கிற ஒரு கிலாங்கின், அதாவது தொழிற்சாலையின், ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்றைக்குப் பரீட்சை. வகுப்பிலேயே வேகமாகவும் பிழையில்லாமலும் தட்டுகிறவள் புனிதாதான் என்று பேர் கொடுத்தது ஆச்சி. மழைக்கு முன்னால் பின்கதவு வழியாக வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்ட மகளை மோட்டாரில் கூட்டிப்போனவர் அவளுடைய அப்பா.

“எந்த அப்பா?” என்று கேட்டாள் மங்கம்மா. கேட்ட பிறகுதான் கேள்வியின் அபத்தம் அவளுக்கே உறைத்தது.

தங்கராஜு. மழைக்கோட்டு போட்ட ஆம்பளை தங்கராஜு. புனிதாவைக் கேட்டு அண்ணன் வந்தால் வெற்றிலையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு ஒரு ஓரமாக நிற்கிற தங்கராஜு. அந்தப் பவுடர்கூட இந்த ஆச்சியிடம் வந்து பேசத்தானாம். படித்த பெண் முன்னால் பால் வாடையோடு நிற்கக் கூச்சமாக இருந்ததாம். ஒவ்வொரு தடவையும் அறை முழுக்கப் பவுடர் மணக்கும் என்று ஆச்சி சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?”

 

“சொல்லக் கூடாதுன்னு புனிதா சத்தியம் வாங்கிச்சு அத்தை,” என்றான் வீரமுத்து.

“யாருகிட்ட சொல்லக் கூடாதுன்னு?”

“ஒங்ககிட்டதான். ஒங்ககிட்ட சொன்னா புக்கிட் பெலண்டோக்கு வரைக்கும் போயிடுமாம்லா.”

மங்கம்மா காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

போன வருஷம் புனிதா சிரம்பானுக்குத் தட்டெழுத்துப் படிக்கப் போகிறேன் என்று ஆசையாகச் சொன்னாள். மங்கம்மா அன்றைக்கே சீனர் கடை டெலிபோனில் அண்ணனுக்கு ஒப்பித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அண்ணனிடம் எதையும் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாளே சன்னாசி வந்து பஸ் நிறுத்தத்திலேயே நின்றார். பொம்பளைப் பிள்ளை தனியாகப் பஸ் ஏறுவதா என்று ஒரு சத்தம் போட்டார். தட்டெழுத்து அதோடு முடிந்தது. அன்றைக்குப் புனிதா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். மங்கம்மா அதைக் கோபம் என்று நினைத்திருந்தாள்.

அது கோபமில்லை. தான் ஊரையெல்லாம் பார்க்கிற அதே பார்வை அது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் பேச்சு நின்றது, வானொலிச் சத்தம் கூடியது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவர் மேலும் கண் வைத்திருந்தவள்மேல், அவள் வீட்டிலேயே இரண்டு பேர் கண் வைத்திருந்திருக்கிறார்கள்.

வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம், பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை.

இந்த யோசனை இன்னும் எத்தனை நேரம் ஓடியிருக்குமோ, வெளியே ஒரு கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜன்னல் காகிதத்தில் ஒரு கிழிசல். அதில் கண்ணை வைத்தாள். வெள்ளை டட்சன். அதிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார் சன்னாசி.

சாயங்காலம் என்று சொன்னவர் இப்போதே வந்துவிட்டார். சந்தேகம் இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் சொந்தமா என்ன?

முதலில் மாமரத்துப் பக்கம் போனார். செல்லம்மா பதறிக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டாள். அவள் ஏதாவது உளறுவதற்குள் போயாக வேண்டும்.

மங்கம்மாவிடம் உண்மை கையில் இருந்தது. மகள் ஊர் சுற்றவில்லை. படித்ததைக் காட்டத்தான் போயிருக்கிறாள். வாக்குப்படி பார்த்தால் ஜெயித்தது மகள். ஆனால் அண்ணனின் கணக்கு வேறு. வீட்டுக்குத் தெரியாமல் நீலாய்க்குப் போய் வேலை கேட்டாளா, அதற்கு இந்தத் தங்கராஜு வண்டி ஓட்டினானா என்று அவர் ஆரம்பித்தால், இப்போதே நீலாய்க்குக் காரைத் திருப்புவார். பரீட்சை நடக்கும் இடத்தில் போய் நிற்பார். போன வருஷம் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்தானே.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். சன்னாசியின் முதுகு இன்னும் இந்தப் பக்கம்தான் இருந்தது. பூட்ஸ் முனையால் நீல வார்ச் செருப்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடியது, எறும்பும் ஓடியது. பச்சையையும் கவிழ்த்தாள். பூட்ஸ் அடியிலிருந்த செம்மண்ணை இரண்டின் மேலும் நன்றாக வழித்துத் தேய்த்து, மற்ற செருப்புகளுக்கு நடுவே ஒழுங்காக நிமிர்த்தி வைத்தாள். மனுஷி இந்த வேலைக்குப் புதுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“மங்கா, வீடு பூட்டிக் கெடக்கு. புள்ள எங்க?”

மங்கம்மா கையை நீட்டிக் காட்டினாள்.

“செருப்பு கெடக்குது பாருண்ணே. புள்ள உள்ளாரதான் இருக்கு.”

சன்னாசியும் தோட்டத்தில் பிறந்தவர். குனிந்து பார்த்தார். நீலம், பச்சை, ஈரம் காயாத சேறு. எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் நிமிர்ந்தவரின் புருவம் நிமிரவில்லை. கூப்பிடச் சொன்னார், ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்துவிட்டால் போதும், மற்றதை வீட்டில் பேசலாம் என்றார்.

உள்ளே பரீட்சை நடக்கிறது, நடுவில் எழுந்தால் பேர் போய்விடும் என்று சொன்னாள் மங்கம்மா. அதில் பொய் பாதிதான். பரீட்சை நடக்கத்தான் நடந்தது, கொஞ்சம் தள்ளி.

சன்னாசி பலகையைப் படித்தார். ஒரு தரம், பிறகு விரல் வைத்து இன்னொரு தரம்.

“படிக்கிறவங்க மட்டுந்தான் போகணும்னு போட்ருக்கு. நீ எப்படி உள்ளாரருந்து வந்த?”

கேள்வி சரியான கேள்வி. மாமரத்தடியில் செல்லம்மா மூச்சுவிட மறந்தாள். மங்கம்மாவும்தான். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதுசாக இருந்தது.

“நானுந்தான் படிக்கிறேன்.”

“நீயா?”

“ஏன், நான் படிச்சா பொட்டி வெடிச்சிருமா?”

சொல்லியாயிற்று. இனிப் பின்வாங்க வழியில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றி, மகளுடைய செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். சன்னாசி அந்தப் பூட்ஸை, அது அவரிடம் கடன் வாங்கிவிட்டு ஓடிப்போன ஆள் மாதிரிப் பார்த்தார். வாசலோரம் ஆயா காலத்து மரப்பலகை ஒன்று கிடந்தது. அதைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“முடியட்டும். நான் இங்கனயே இருக்கேன். ரெண்டு பேரும் சேந்து வாங்க.”

மங்கம்மா உள்ளே போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறுங்காலில் குளிர் ஏறியது. ஆவுடையம்மைக்கு எல்லாம் கேட்டிருந்தது. அந்தக் கதவு இரும்பே தவிர, அடியில் ஒரு விரல் அகலம் இடைவெளி. அவள் கைப்பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, ஆயா பால் காய்ச்சிய பின்னறைக்குப் போய் நீலாய்க்குப் பேசினாள். திரும்பி வந்தவளின் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

“பரீட்சை எப்பவோ முடிஞ்சிருச்சாம். கெளம்பிட்டாக. இந்நேரம் பாதி வழி வந்திருப்பாக.”

“வேல கெடச்சிச்சா?”

“அத டெலிபோன்ல சொல்ல மாட்டேங்கிறாக.”

அப்படியானால் வழியில் மறிக்க முடியாது. தங்கராஜுவிடம் டெலிபோனா இருக்கிறது? அவரிடம் இருக்கிற ஒரே தகவல் சாதனம் மோட்டார் ஹார்ன்தான்.

அந்த நினைப்பு வந்ததும் மங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தங்கராஜுவுக்கு ரகசியம் காக்கத் தெரியும் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சந்தோஷத்தைக் காக்க அவருக்குத் தெரியாது. புனிதா ஐந்தாம் படிவம் தேறிய அன்று, தொழிலாளர் லயத்து வீட்டு வரிசையெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே சுற்றினார், பேட்டரி செத்துப்போகும் வரை. தோட்டத்து நாய்கள் இரண்டு நாள் தூங்கவில்லை. நல்ல சேதி என்றால் முன்வாசல்; கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டு வருவார். கெட்ட சேதி என்றால் அடுப்படி வாசல். சத்தமில்லாமல் வந்து காலைக் கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இத்தனை வருஷக் குடும்பத்தில் இது ஒரு தடவைகூட மாறியதில்லை.

ஆயாக்கொட்டகைக்கு முன்னால் ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே பாதை இரண்டாகும். இடது பக்கம் பின்கதவுக்கு வரும். வலது பக்கம் நேரே முன்வாசலுக்கு, சன்னாசியின் பலகைக்கு.

தேறவில்லை என்றால் பின்பக்கம் வருவார்கள். புனிதா பூனை மாதிரி உள்ளே வந்து உட்காருவாள். பிறகு எல்லாரோடும் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொள்வாள். மாமாவுக்கு ஒன்றுமே தெரியப்போவதில்லை. தேறிவிட்டால் முன்பக்கம். அப்பனும் மகளும் ஒரே மோட்டாரில், ஹார்ன் முழங்க, அந்த டட்சனுக்கு நேரெதிரே வந்து இறங்குவார்கள். அங்கே செருப்பு உள்ளே போனவளுக்காகக் காத்திருக்கும். உள்ளே போனவள் வெளியிலிருந்து வருவாள்.

ஆச்சி எதுவும் பேசாமல் அவள் முன்னால் விசைப்பலகையை நகர்த்தி வைத்தாள். ‘ம’ எங்கே இருக்கிறது என்று வீரமுத்து தொட்டுக் காட்டினான். மங்கம்மா அழுத்தினாள். பால் கறை ஊறிய விரல் விசையோடு ஒட்டிக்கொண்டது. திரையில் ஒரு ‘ம’ வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு வரிசையாக முழங்கை நீளத்துக்கு ‘ம’க்கள் ஓடின. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வெளியே பலகை கிறீச்சிட்டது.

“என்ன, முடிஞ்சுதா?” என்றது சன்னாசியின் குரல்.

“இன்னும் இல்லண்ணே.”

அப்போது கேட்டது. தூரத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம், இரண்டு தரம் இருமி ஒரு தரம் தும்முகிற மோட்டார். ஆயிரம் கப்சாயை ஒன்றாக ஓடவிட்டாலும் அவள் அடையாளம் சொல்லிவிடுவாள். ஹார்ன் இல்லை. வெறும் இருமல். பாலத்தைத் தாண்டுகிறது. மேடு ஏறுகிறது.

பலகை மறுபடி கிறீச்சிட்டது. சன்னாசி எழுந்துவிட்டார்.

மங்கம்மா விரலை விசையிலிருந்து பிய்த்து எடுத்தாள். அண்ணன் வெளியே நிற்கிறார். காலம் முழுக்க அவர் முகம் சுருங்கினால் இவளுக்குச் சோறு இறங்காது. பின்பக்கம் வந்தால் எல்லாரும் தப்பித்தார்கள். சேறு, பூட்ஸ், சொன்ன பொய், எல்லாம் மூடிப்போகும்.

தலைக்கு மேலே கொக்கி. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு, உதடு மட்டும் அசைய, அவள் வேண்டிக்கொண்டாள்.

“முன்னால வாடி. முன்னால வா.”

முடக்கில் மோட்டார் வேகம் குறைந்தது.